1850 சென்சஸுக்குப் பின்னால் போக முடியவில்லை: வில்டர்னஸ் ரோடு வழி கென்டக்கி வந்த குடும்பம், உதவி தேவை

கிளைவேர்:
வணக்கம். மருமகன் வழி முன்னோரைத் தேடுகிறேன். 1850 சென்சஸில் கென்டக்கி மாநிலம் கேரார்ட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஜான் மில்லர், வயது 76, பிறந்தது வர்ஜீனியா என்று இருக்கிறது. 1840-லிருந்து 1810 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும் கிடைத்தது. 1790, 1800 எங்கே தேடியும் வரவில்லை. இணையத்தில் உள்ள வம்சாவளிகள் எல்லாம் அவரை வர்ஜீனியா ஆகஸ்டா கவுண்டி மில்லர் ஒருவருக்கு மகனாக்கி, அங்கிருந்து பென்சில்வேனியாவுக்கும் போய்விடுகின்றன. ஒன்றிலும் ஆதாரம் இல்லை. "1780-களில் வில்டர்னஸ் ரோட்டில் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்" என்பது குடும்பத்தில் சொல்லும் பேச்சு. வர்ஜீனியாவிலிருந்து மலை தாண்டிக் கென்டக்கிக்கு வரும் பழைய பாதை அது. எங்கே தொடங்கலாம்?

பழஞ்சுவடி:
1790, 1800 தேடுவதை விட்டுவிடுங்கள். கென்டக்கிக்கும் வர்ஜீனியாவுக்கும் அந்த இரண்டு கணக்கெடுப்புமே அழிந்துபோயின. "1790 கென்டக்கி" என்று அச்சில் கிடைப்பது வரிப் பட்டியல்களிலிருந்து தொகுத்தது. நீங்கள் நேரே அந்த வரிப் பட்டியலுக்கே போகலாம்.

அதற்கு முன் ஒரு சரிபார்ப்பு. 1774 வாக்கில் பிறந்தவர் என்றால் 1810-ல் 26–44 வயதுக் கட்டத்திலும், 1820-ல் 45-க்கு மேலும், 1830-ல் 50–59-லும், 1840-ல் 60–69-லும் வர வேண்டும். ஒரு கட்டம் தவறினாலும் நீங்கள் இரண்டு ஜான் மில்லர்களை ஒருவராகச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பக்கத்து மேடிசன் கவுண்டியிலேயே ரிச்மண்ட் ஊரை நிறுவிய கர்னல் ஜான் மில்லர் இருக்கிறார். அவர் வேறு ஆள்.

அடுத்தது கவுண்டி எல்லை. கேரார்ட் 1797-ல்தான் நடைமுறைக்கு வந்தது. லிங்கன், மெர்சர், மேடிசன் மூன்றிலிருந்தும் வெட்டி எடுத்தது. உங்கள் ஜானுக்கு 21 நிரம்பியது 1795 வாக்கில். அப்போது கேரார்டே இல்லை. எனவே அந்த மூன்று கவுண்டிகளின் பட்டியலையும் 1792-லிருந்து வருடம் விடாமல் பாருங்கள். குடும்பம் இருந்த இடத்திலேயே இருந்தாலும் கவுண்டிப் பெயர் மாறும்.

பட்டியலில் 21-க்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஒரு கட்டம், 16–21 வயதினருக்கு ஒரு கட்டம். இளையவர்கள் பெயரில்லாமல், வீட்டுக்காரர் வரியில் வெறும் எண்ணிக்கையாக நிற்பார்கள். ஜான் தனிப்பெயராக முதலில் வரும் ஆண்டில் எந்த மில்லர் வீட்டில் 16–21 எண்ணிக்கை ஒன்று குறைகிறது என்று பாருங்கள். அது தகப்பன் வீடாக இருக்கலாம், அண்ணன் வீடாகவும் இருக்கலாம். நிரூபணம் ஆகாது, ஆனால் நல்ல துப்பு.

செக்குபந்தி:
வண்டிப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. 1775-ல் டேனியல் பூன் ஆட்கள் கம்பர்லாண்ட் கணவாய் வழி வெட்டியது குதிரைத் தடம். வண்டி போகும்படி அகலப்படுத்தியது 1796-ல். 1780-களில் வந்திருந்தால் பொதிக்குதிரையோடுதான் வந்திருப்பார்கள். வண்டி நினைவு உண்மையானால் அது வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் இறங்கும் கிரேட் வேகன் ரோட்டைச் சேர்ந்ததாக இருக்கலாம். அது பிலடெல்பியா, லங்காஸ்டர், வின்செஸ்டர், ஸ்டான்டன் என்று வரும். இரண்டு தலைமுறைப் பயணம் ஒரே கதையாகிவிடுவது உண்டு.

இனி நிலம். 1792 வரை கென்டக்கி வர்ஜீனியாவின் பகுதி. வர்ஜீனியா சட்டப்படி கென்டக்கி நிலத்துக்கு நான்கு படி: வாரண்ட் (நிலம் பெறும் உரிமைச் சீட்டு), என்ட்ரி (எந்த இடம் வேண்டும் என்ற பதிவு), சர்வே (அளவை), கடைசியில் கிராண்ட், அதாவது நம் பட்டா மாதிரி. நாலும் ஒரே பெயரில் இருக்க வேண்டியதில்லை, நடுவில் கைமாறும். கென்டக்கி நில அலுவலகத் தளத்தில் கிராண்ட் பெயரை மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்று முடித்துவிடாதீர்கள். வரிப் பட்டியலில் நீரோடையின் பெயரோடு, யார் பெயரில் என்ட்ரி, யார் பெயரில் சர்வே, யார் பெயரில் பட்டா என்ற கட்டங்களும் இருக்கும். அந்தப் பெயர்களை வைத்துத் தேடுங்கள்.

சர்வே தாளின் அடியில் அளவுச் சங்கிலி பிடித்தவர்கள், மரத்தில் குறி வெட்டியவர் பெயர்கள் இருக்கும். பெரும்பாலும் உறவினர் அல்லது அக்கம்பக்கத்தார். எனக்கு அந்த அடிவரிதான் பட்டாவைவிட முக்கியம்.

நிலத்தை வரைந்தும் பாருங்கள். ஒரு போல் 16½ அடி, 160 சதுர போல் ஒரு ஏக்கர். "வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி 160 போல்" என்றால் 2,640 அடி, அரை மைல். 1:24,000 நில வரைபடத்தில் அது 1.32 அங்குலம். அண்டை நிலங்களையும் அதே அளவில் வெட்டிப் பொருத்துங்கள். பொருந்தாவிட்டால் மொத்தத்தையும் சில டிகிரி திருப்புங்கள். அவர்கள் அளந்தது காந்த வடக்கை வைத்து.

கிளைவேர்:
நன்றி. லிங்கன் பட்டியலில் ஒரே ஆண்டில் இரண்டு ஜான் மில்லர் வருகிறார்கள், ஒருவருக்குப் பக்கத்தில் சீனியர், மற்றவருக்கு ஜூனியர். அப்பா, மகன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழஞ்சுவடி:
வேண்டாம். அந்தக் காலத்தில் அது ஒரே ஊரில் உள்ள மூத்தவர், இளையவர் என்பதற்கான அடையாளம். உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்தாலோ வேறிடம் போனாலோ ஜூனியரே சீனியர் ஆகிவிடுவார். அவர்களை நிலம், ஓடை, குதிரை எண்ணிக்கை வைத்துப் பிரியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களில் 5, 6 பெயரை எழுதிக்கொண்டு ஆகஸ்டா வரிப் பட்டியலைத் திறங்கள். வர்ஜீனியாவில் 1782-லிருந்து இருக்கிறது. பெயர்கள் எழுத்து வரிசையில் இருந்தாலும், பல பட்டியல்களில் வரி அலுவலர் வந்த தேதி ஒரு கட்டத்தில் இருக்கும். ஒரே தேதி என்றால் பெரும்பாலும் அண்டை வீடுகள். கென்டக்கியில் சேர்ந்து வரும் பெயர்கள் அங்கும் ஒரே தேதியில் வந்து, ஓரிரு ஆண்டுக்குள் சேர்ந்தே மறைந்தால் ஊர் கிடைத்துவிட்டது. கூட்டமாகப் போன பாதை அது. ஒரு பெயரைத் தேடுவதைவிட ஒரு கூட்டத்தைத் தேடுவது எளிது.

அந்தக் கூட்டத்தின் முதியவர்களில் 1832 சட்டப்படி அமெரிக்கப் புரட்சிப்போர் ஓய்வூதியம் கேட்டவர் உண்டா என்றும் பாருங்கள். எங்கே பிறந்தாய், சேவைக்கு அழைத்தபோது எங்கே இருந்தாய், பிறகு எங்கெங்கே வாழ்ந்தாய் என்று கேட்டுப் பதிவு செய்திருப்பார்கள். ஜான் வயதில் சிறியவர், அவரிடம் இருக்காது.

செக்குபந்தி:
ஆகஸ்டாவில் பத்திரமே கிடைக்காவிட்டால் தகப்பன் இல்லை என்று நினைக்காதீர்கள். 1787 ஜனவரி 1 வரை வர்ஜீனியாவில் உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் முழுக்க மூத்த மகனுக்கே போகும், அதற்குப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. ஜனாதிபதி லிங்கனின் தாத்தா ஆபிரகாம் ஷெனண்டோவாவிலிருந்து கென்டக்கி வந்து 1786-ல் கொல்லப்பட்டார். நிலம் மூத்தவர் மோர்டெகாய்க்குப் போனது, கடைசி மகன் தாமஸுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் நிலப்பதிவில் பெயரே "லிங்க்ஹார்ன்" என்றிருக்கும், அதனால் மில்லரை ம்யூலர் என்றும் தேடுங்கள்.

உங்கள் ஜான் நிலமில்லாத இளைய மகனாக இருந்தால், நீதிமன்ற ஆர்டர் புத்தகத்தில் அனாதைப் பிள்ளை, காப்பாளர் பதிவுகளைப் பாருங்கள். 14 வயதானவர் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுப்பார், அதில் இறந்த தகப்பன் பெயர் எழுதியிருக்கும். ஜானுக்கு 14 ஆனது 1788 வாக்கில், ஆகவே 1786 முதல் 1790 வரை படியுங்கள். வம்சாவளித் தளமான ஃபேமிலிசர்ச்சின் முழு உரைத் தேடல் கையெழுத்தையும் படிக்கும். மில்லரோடு பக்கத்து வீட்டுப் பெயர் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள்.