மாதவிடாய்க்கு முந்தைய பத்து நாள்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தோழிகளே, என் தங்கைக்காக எழுதுகிறேன். வயது 29. மாதவிடாய்க்குப் பத்து நாள் முன்பே ஆரம்பித்துவிடும். காரணமில்லாத அழுகை, வெடிக்கிற கோபம், "நான் இருந்து என்ன பண்ணப்போறேன்" என்கிற பேச்சு. போன மாதம் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி தரையெல்லாம் ஓடுகிறது, அவள் எழவில்லை. மாதவிடாய் வந்த இரண்டாம் நாள், பழையபடி பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் பார்த்த மருத்துவர் "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். இரண்டாமவர்தான் பி.எம்.டி.டி. (மாதவிடாய்க்கு முன் வரும் கடுமையான மனநிலைக் கோளாறு) என்று பெயர் சொன்னார். ஹார்மோன் அளவில் கோளாறு இல்லை, மாதாமாதம் அது ஏறி இறங்குவதையே மூளை தாங்காததுதான் சிக்கலாம். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக வந்தது அதனால்தான். இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிக்குத் தினமும் மனநிலையைக் குறித்து வரச் சொன்னார். காலண்டரில் குறித்தோம். பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இத்தனை வருடம் "திமிர்" என்று திட்டியிருக்கிறோம்.

இப்போது செர்ட்ராலின் என்கிற மனச்சோர்வு மாத்திரை எழுதியிருக்கிறார். தினமும் சாப்பிடலாம், அல்லது கருமுட்டை வெளியானதிலிருந்து மாதவிடாய் வரும்வரை மட்டும் சாப்பிடலாம் என்கிறார். நீங்கள் எப்படி எடுத்தீர்கள்? குமட்டல், தூக்கம் எப்படி இருந்தது? ட்ரோஸ்பிரெனோன் என்கிற ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை யாருக்காவது கேட்டதா?

சாவுப் பேச்சு பற்றி மருத்துவரிடம் சொல்லிவிட்டோம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-உம் அவள் ஃபோனில் இருக்கிறது. அப்புறம், அம்மா "மனநோய் மாத்திரையா?" என்று பயப்படுகிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?