பவளத்துக்கு வெளுப்பா, வெளிறலா, பசலையா?

கையேட்டுக் குழு, அல்சூர்:
அன்புடையீர், பெங்களூரிலிருந்து பவளக் கண்காணிப்புக்குப் போகும் தன்னார்வ முக்குளிப்பாளர்களுக்கான கையேடு வெள்ளியன்று அச்சேறுகிறது. பவளம் நிறமிழந்து வெள்ளையாகும் 'பிளீச்சிங்'குக்குத்தான் இன்னும் சொல் இல்லை. 100 மீட்டர் நாடாவை ஒரே ஆழத்தில் விரிக்கிறோம். 20 மீட்டராக நான்கு துண்டு, இடையில் 5 மீட்டர் விடுகிறோம். அரை மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நாடாவுக்கு நேர்கீழே உள்ளதைக் குறித்தால் 160 புள்ளி. நிறமிழந்த பவளம் உயிரோடிருக்கிறது. அதைக் 'கடினப் பவளம்' என்றே குறித்து, நிறமிழந்த விழுக்காட்டைத் தனியே எழுத வேண்டும். புதியவர்கள் 'அண்மையில் இறந்தது' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தவறுக்கு இடம் தராத சொல் வேண்டும்.

தமிழாசிரியர், ஸ்ரீராமபுரம்:
பசலை. காதலனைப் பிரிந்தவளின் மேனியில் படரும் நிறமாற்றத்துக்குச் சங்கப் பாடல்கள் தரும் பெயர். பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் உணவில் பெரும்பங்கும் தருகிறது. கடல் சூடேறினால் இருவரும் பிரிகிறார்கள், மேனி நிறம் மாறுகிறது. வெப்பம் விரைவில் தணிந்து பாசி திரும்பினால் பவளம் தேறும். துணை வந்தால் பசலை நீங்கும். இவ்வளவு பொருந்தும் சொல்லை விட்டு ஏன் தேட வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர், ஜெயநகர்:
ஐயா, குறுந்தொகை 399ஐ நினைத்துப் பாருங்கள். 'ஊருண் கேணி உண்துறைத் தொக்க பாசி அற்றே பசலை.' அங்கே பாசி படர்ந்தால் பசலை, இங்கே பாசி விலகினால்! கடலிலோ இறந்த பவளத்தின் மேல்தான் இழைப்பாசி படரும். பாட்டை அறிந்தவர் அந்த எலும்புக்கூட்டைப் பார்த்துப் 'பசலை' என்று எழுதுவார். போதாக்குறைக்குப் பசலை பொன்னிறம்.

வெளுப்பும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் நினைவுக்கு வரும், யாரோ மருந்து கொட்டியதுபோல. வெளிறல் என் தேர்வு. 'முகம் வெளிறிப்போச்சு' என்று உயிருள்ளவரைத்தான் சொல்கிறோம்.

தமிழாசிரியர்:
'இன்மை அரிதே வெளிறு' என்கிறது குறள் 503. அங்கே வெளிறு என்றால் அறியாமை. வெளிற்றுப்பனை என்றால் வயிரமில்லாத பனை. குற்றப்பொருள் தரும் சொல்லைப் பவளத்தின் தலையில் கட்டுவதா?

கடலுயிரியல் ஆசிரியை, மல்லேசுவரம்:
வேரைவிட அட்டவணையைப் பாருங்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக நிற அட்டையில் 1 மிக வெளிர், 6 மிக அடர்வு. ஒவ்வொரு பவளத்திலும் மிக வெளிர்ந்த இடம், மிக அடர்ந்த இடம் இரண்டையும் குறிக்க வேண்டும். கிளைப்பவளத்தின் வளர்நுனி இயல்பாகவே வெளிர்; அதை அளக்கக் கூடாது. இப்படிப் படிப்படியான மாற்றத்தைச் சொல்ல 'இளவெளிறல்', 'முழுவெளிறல்' என்று பிரிக்கலாம். பசலையைப் பிரிக்க வழியில்லை.

முள்முடி நட்சத்திரமீன் தின்ற இடமும் வெள்ளைதான், ஆனால் அங்கே திசுவே கிடையாது; வெற்று எலும்பு, பெரும்பாலும் கூர்மையான விளிம்பு. அதற்கு 'தின்ற தழும்பு' என்று தனிப்பெயர் கொடுங்கள். வெளிறியதில் கண்ணாடித் திசு எலும்பின்மேல் இருக்கும், கிட்டப்போனால் சிற்றுயிரின் விரல்கள் தெரியும். தொடாமல் பார்க்க வேண்டும்.

கையேட்டுக் குழு:
ஐந்து பேர் வெளிறலுக்கு, இருவர் பசலைக்கு. வெளிறல் அச்சேறுகிறது.

தமிழாசிரியர்:
என் மறுப்பு பதிவாகட்டும். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன். கையேட்டின் மேலட்டையில் 'முக்குளிப்பாளர்' எதற்கு? கொற்கைப் பரதவரை அகநானூறு 'வலம்புரி மூழ்கிய' என்கிறது. மூழ்குநர் போதாதா?

மொழிபெயர்ப்பாளர்:
மூழ்குநர் என்றால் மூழ்கிப்போனவர் என்று வீட்டார் பதறுவார்கள், ஐயா. முத்துக்குளித்துறை இருக்கும்போது குளியாளர் என்று ஏன் சொல்லக் கூடாது?