1911 பிஸ்டல்: சேஃப்டியை உறைக்குள்ளேயே விடுவிப்பதா?

பிரௌனிங் அன்பன்: பிடியைப் பற்றியவுடனே, பிஸ்டல் உறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, சேஃப்டியை, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் நெம்புகோலை, கீழே தள்ளிவிட வேண்டும் என்று நேற்று இங்கே ஒருவர் புதியவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. உறைக்குள் இருக்கும்போது குழலின் வாய் உங்கள் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழல் இலக்கை நோக்கித் திரும்பிய பிறகே நெம்புகோல் கீழே இறங்க வேண்டும்.

விரைவுக்கை: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதலாம். பிடிக்கும்போதே கட்டைவிரல் நெம்புகோலின் மேல் வந்துவிடுகிறது. அப்போதே அழுத்தாதவர், பதற்றத்தில் மறந்துபோய், சுடாத பிஸ்டலை நீட்டிக்கொண்டு நிற்பார். விசையில் (டிரிகரில்) விரல் படாதவரை என்ன ஆபத்து?

பிரௌனிங் அன்பன்: கட்டைவிரலை மேலே வைப்பது வேறு, அழுத்துவது வேறு. வைக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பதற்றத்தில் கட்டைவிரல் மறக்கும் என்கிறீர்கள். அதே பதற்றத்தில் சுட்டுவிரல் மட்டும் விசையை விட்டு ஒழுங்காக விலகி நிற்குமா?

விரைவுக்கை: பிடியிலும் ஒரு சேஃப்டி இருக்கிறதே, அது தெரியாதா?

பிரௌனிங் அன்பன்: கையால் இறுகப் பற்றியவுடன் அது விடுபட்டுவிடுகிறது! சுத்தியல் பின்னால் இழுபட்டு, சுடத் தயாராக நிற்கிறது, விசையோ இலேசானது. மிச்சம் இருக்கும் ஒரே தடையையும் உறைக்குள்ளேயே நீக்கச் சொல்கிறீர்கள். 1976இல் அரிசோனாவில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பரின் வழிமுறையைப் பாருங்கள். பிடி, உறையிலிருந்து எடு, குழலைத் திருப்பு. சேஃப்டி அதன் பிறகுதான்.

விரைவுக்கை: கூப்பர் பெயரைச் சொன்னால் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? போட்டியில் என்னுடன் நின்று பாருங்கள்.

பெரெட்டா பக்கம்: பெரெட்டா 92 பிஸ்டலில் சேஃப்டியை விடுவிக்க நெம்புகோலை மேலே தள்ள வேண்டும். முதல் சூட்டுக்கு விசை நீளமாகவும் கனமாகவும் வரும். அதனால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அமெரிக்க இராணுவம் 1985இல் 1911க்குப் பதிலாக அதைத்தான் தேர்ந்தெடுத்தது.

பிரௌனிங் அன்பன்: தலைப்பில் 1911 என்று இருப்பது கண்ணில் படவில்லையா? எந்தப் பேச்சிலும் பெரெட்டாவைக் கொண்டுவந்து நுழைக்கிறீர்கள்.

பெரெட்டா பக்கம்: கிளாக் பிஸ்டல் பற்றிய பேச்சில் நீங்கள் 1911ஐ நுழைத்தபோது நான் பொறுத்துக்கொண்டேன்.

பிரௌனிங் அன்பன்: அது வேறு விஷயம். விரைவுக்கை இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை. உறைக்குள் குழல் எதை நோக்குகிறது?

விரைவுக்கை: தரையை. நான் இனியும் அப்படியேதான் எடுப்பேன்.

பிரௌனிங் அன்பன்: உட்கார்ந்திருக்கும்போதுமா?