கால் முழுக்க மரத்துப்போகும் கிரீம் பூசலாமா?

தூறல்:
அடுத்த வாரம் இரண்டு காலுக்கும் லேசரில் முடி நீக்கப் போகிறேன். போன தடவை மேலுதட்டுக்குச் செய்ததிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதனால் இப்போதே பயம். தோழி ஒருத்தி, லிடோகைனும் பிரிலோகைனும் கலந்த கிரீமைத் தொடையிலிருந்து கணுக்கால் வரை அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு போ, ஒன்றுமே தெரியாது என்கிறாள். வெளியே பூசுவதுதானே, என்ன ஆகிவிடப் போகிறது?

வெள்ளைத்தாள்:
வேண்டவே வேண்டாம். தோல் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வெளியே பூசினாலும் மருந்து ரத்தத்துக்குள் போகத்தான் செய்யும். பூசும் இடம் பெரிதாக ஆக, நேரம் கூடக் கூட, பிளாஸ்டிக் சுற்றினால், சூடு பட்டால், அது கூடிக்கொண்டே போகும். உங்கள் தோழி சொன்னது போலவே, வேறு வகை மரத்துப்போகும் கிரீமைக் காலில் பூசிப் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டுதான் 22, 25 வயதுப் பெண்கள் இருவர் வலிப்பு வந்து, கோமாவில் விழுந்து இறந்தார்கள் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007-இல் எச்சரித்தது. நீங்கள் சொல்லும் கிரீமைச் சின்ன இடத்தில் பூசி மூடி ஒரு மணி நேரம் வைப்பது சாதாரணமாக நடப்பதுதான், நாங்களே செய்கிறோம். ஆனால் எத்தனை கிராம், எவ்வளவு இடம், எவ்வளவு நேரம் என்பதைச் சிகிச்சை செய்பவர் சொல்ல வேண்டும், தோழி அல்ல.

பூசிய பிறகு வாயைச் சுற்றி மரத்துப்போவது, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல், தசை துடிப்பது, இதில் எது வந்தாலும் உடனே துடைத்துக் கழுவிவிட்டு அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

கோணல்கோடு:
என் அனுபவம்: ஷேவ் செய்த கையோடு பூசினேன், எரிச்சல் தாங்கவில்லை. கீறல் இருக்கும் தோல் மருந்தை வேகமாக இழுக்கும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். பூசிய இடம் வெளுத்துப் போனதைப் பார்த்தும் பயந்தேன், அது ரத்தக்குழாய் சுருங்குவதால் வருவதாம், தானே சரியாகிவிட்டது.

தூறல்:
இரண்டு பேருக்கும் நன்றி, நிஜமாகவே சுற்றிக்கொண்டு போயிருப்பேன். இன்னொன்று, பருவுக்கு டாப்சோன் மாத்திரை சாப்பிடுகிறேன், அதைச் சொல்ல வேண்டுமா?

வெள்ளைத்தாள்:
கட்டாயம் சொல்லுங்கள், நல்லவேளை கேட்டீர்கள்! பிரிலோகைனும் டாப்சோனும் இரண்டுமே ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைக் கெடுக்கக்கூடியவை, சேர்ந்தால் ஆபத்து கூடும். உதடும் நகமும் நீலமாவது, மூச்சு வாங்குவது எல்லாம் அதன் அறிகுறி. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கும் இதே கவலைதான். பிரிலோகைன் இல்லாத வேறு வழி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொரு விஷயம், முழுக்க மரத்துப்போனால் லேசர் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது, லேசர் பிடிப்பவருக்கு 'ஐயோ' என்று சொல்லவும் ஆளிருக்காது.

தூறல்:
சரி, போன் செய்து கேட்டுவிட்டேன். கிரீம் இல்லாமல், குளிர்காற்று அடித்துக்கொண்டே ஒரு நாளைக்கு ஒரு கால் செய்யலாம் என்கிறார்கள். முதலில் இடது கால்.