68 வயசு, முகம் தொங்கிப் போச்சு. ஊசியா, லேசரா, ஆபரேஷனா?

வாசல்திண்ணை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 68 வயசு. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு"ன்னு வீட்ல இருக்கறவங்க ஆளாளுக்கு ஒரு ரவுண்டு கேட்டு முடிச்சாச்சு, அதனால தயவுசெஞ்சு அத மட்டும் இங்க ஆரம்பிக்காதீங்க. சின்னப் பொண்ணா தெரியணும்னு எனக்கு ஆசையே இல்ல. நல்லா தூங்கி எந்திரிச்சு வந்தாலும் பாக்கறவங்க "என்ன, உடம்பு முடியலையா", "ஏன் கோவமா இருக்கீங்க"ன்னு கேக்கறாங்க, அதான் அலுத்துப் போச்சு.

முகத்துல என்னன்னா, வாயோரம் ரெண்டு பக்கமும் கீழ இழுத்துக்கிட்டு இருக்கு, தாடைக்கோட்டுல சதை இறங்கியிருக்கு, கழுத்துல ரெண்டு நரம்பு புடைச்சுக்கிட்டு நிக்குது, மேல் இமை தொங்கி கண்ணு மேலயே வந்து உக்காந்திருக்கு. கன்னத்துல திட்டுத்திட்டா கருப்பு வேற. ரெண்டு எடத்துல போய்க் கேட்டேன். ஒரு எடத்துல ஃபில்லர் ஆறு சிரிஞ்ச் போட்டு கூடவே நூல் வெச்சு தூக்கிடலாம்னாங்க. இன்னொரு எடத்துல அதெல்லாம் வேண்டாம், முகம் முழுக்க சிஓ2 லேசர் பண்ணா எல்லாம் சரியாயிடும்னாங்க. அவங்கவங்க கையில எது இருக்கோ அதையே சொல்றாங்களோன்னு சந்தேகம். ஆபரேஷன் பத்தி ரெண்டு பேருமே வாயத் தொறக்கல.

பிபி மாத்திரை போடறேன், சுகர் கட்டுக்குள்ள இருக்கு, இதயத்துல ஸ்டென்ட் வெச்சிருக்கு, ஆஸ்பிரின் தினமும் உண்டு. மாநிறம், கொசு கடிச்சா கூட அந்த எடம் கருத்துப் போய் மறைய மாசக்கணக்கா ஆகும். தெரிஞ்சவங்க சொல்லுங்க, எதுல ஆரம்பிக்கலாம்?

ஸ்கின்_ஓபி:

அம்மா, நான் தோல் மருத்துவம் பாக்கறவன், ஆனா உங்க முகத்த நேர்ல பாக்காம இதப் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். எப்படி யோசிக்கணும்னு மட்டும் சொல்றேன்.

மொதல்ல ஒரு வேல பண்ணுங்க. பகல் வெளிச்சத்துல கைக்கண்ணாடி எடுத்துக்கிட்டு உக்காந்தபடி முகத்தப் பாருங்க, அப்புறம் மல்லாக்கப் படுத்து அதே கண்ணாடிய முகத்துக்கு நேரா மேல பிடிச்சுப் பாருங்க. படுத்தா எதெல்லாம் மறையுதோ அது தொங்கல், அதாவது தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பும் தசைநாரும் தளந்து இறங்கினது. படுத்தாலும் மறையாம இருக்கற கருப்பு, நுணுக்கமான கோடு, சொரசொரப்பு இதெல்லாம் தோல்லயே இருக்கறது. சிரிச்சா, புருவத்தத் தூக்கினா மட்டும் வர்ற கோடு தசையால வர்றது. இது போக, வயசாக ஆக கன்னத்து எலும்பும் தாடை எலும்புமே கொஞ்சம் தேயும், கொழுப்பும் வத்தும், அதனால வர்றது பள்ளம். இந்த நாலுக்கும் மருந்து ஒன்னு இல்ல. லேசர் தோல சரி பண்ணும், தொங்கறத தூக்காது. போடாக்ஸ் தசைய அடக்கும், பள்ளத்த ரொப்பாது. ஃபில்லர் பள்ளத்த ரொப்பும், தளந்த தோல இறுக்காது. நீங்க எழுதினதப் பாத்தா கன்னத்துக் கருப்பத் தவிர மத்ததெல்லாம் பெரும்பாலும் தொங்கல் கணக்குல வருது. உங்ககிட்ட சொன்ன ரெண்டுமே அதுக்கு நேரான வைத்தியம் இல்ல.

ஃபில்லர் விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும். ஆறு சிரிஞ்ச்னா பயந்துக்காதீங்க, ஒரு சிரிஞ்ச் 1 மில்லி, மொத்தமா சேத்தாலும் ஒரு டீஸ்பூனுக்கு சித்த மேல தான். அளவுல தப்பு இல்ல, அத வெச்சு தாடைய தூக்கப் பாக்கறது தான் தப்பு. தளந்த உறைய இறுக்காம உள்ள பஞ்சு திணிச்ச கதை தான், தூக்கின மாதிரி தெரியாது, உப்பின மாதிரி தான் தெரியும். கன்னத்துல நெஜமாவே வத்திப் போயிருந்தா அளவா கொஞ்சம் போட்டா அழகா இருக்கும், அது வேற. போட்டுக்கறதா இருந்தா ஹயலூரானிக் ஆசிட் வகையா, கரைக்கிற மருந்து ஹயலூரானிடேஸ் அந்த ரூம்லயே இருக்கான்னு கேளுங்க. ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள்ள போய்ட்டா தோல் செத்துப் போகலாம், ரொம்ப அபூர்வமா கண்ணு பார்வையே போகலாம், புருவ நடுவும் மூக்கும் தான் அதுல மோசமான எடம். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கற எடத்துல உக்காரவே வேண்டாம்.

நூல்: அதிகமா வைக்கிற பிடிஓ நூல் ஏறக்குறைய ஆறு மாசத்துல கரைஞ்சிடும், தூக்கல் ஒரு வருஷம் நின்னா பெரிசு. 45 வயசுல லேசா தளந்தவங்களுக்கு சரி. அல்ட்ராசவுண்ட் வெச்சு இறுக்கறதும் அப்படித் தான், லேசான தளர்வுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொஞ்சம் தெரியும், உங்களுக்கு காசு தான் கரையும்.

போடாக்ஸ்ல ஒரு சூட்சுமம் இருக்கு. இமை தொங்கறவங்க தன்னையறியாம நெத்தித் தசைய வெச்சு புருவத்த தூக்கிப் பிடிச்சுக்கிட்டு தான் பாக்கறாங்க. நெத்திக் கோடு போகட்டும்னு அங்க ஊசி போட்டுட்டா அந்தத் தூக்கல் போயிடும், புருவம் இறங்கி இமை இன்னும் கண்ண மூடும், மூணு நாலு மாசம் மருந்து எறங்கற வரைக்கும் அப்படியே இருக்கணும். அதனால உங்களுக்கு நெத்தில வேண்டவே வேண்டாம். நரம்பு புடைச்சுக்கிட்டு நிக்குதுன்னீங்களே, அது நரம்பு இல்ல, பிளாட்டிஸ்மாங்கற தசையோட பட்டை, அதுக்கு போடாக்ஸ் போடலாம். அமெரிக்கால மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ 2024ல தான் அந்த உபயோகத்துக்கே அனுமதி குடுத்துச்சு. ஆனா அளவு கூடினா முழுங்கறதுக்கு கஷ்டமாயிடும், தோல் தளந்து தொங்கறதுக்கு அது உதவவும் உதவாது.

லேசருக்கு வர்றேன். முழு முக சிஓ2 லேசர் மேல் தோல சுட்டு எடுத்து புதுசா வளர விடற வேல. நல்ல வைத்தியம் தான், வெள்ளைத் தோல்ல. கொசு கடிச்சாலே கருக்குதுன்னு நீங்களே சொல்றீங்க, அந்தத் தோல முழுசா சுட்டா கருப்பு கொறையறதுக்கு பதிலா கூடிட்டு போக நெறைய வாய்ப்பு இருக்கு. மாநிறத்துக்கு பண்றதா இருந்தா அளவக் கொறைச்சு, காதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன எடத்துல டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு தான் பண்ணணும். எடுத்த எடுப்புல முழு முகம்னு சொன்னவங்க கிட்ட திரும்பப் போகாதீங்க.

கருப்புக்கு மெதுவான வழி தான் நல்ல வழி. அது மங்கா, வயசுப் புள்ளியா, மருவான்னு டெர்மாஸ்கோப், அதாவது தோலப் பெரிசாக்கிக் காட்டற கருவி, வெச்சு ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. என்ன புள்ளின்னு தெரியாம எதையும் எரிச்சு எடுக்க விடக்கூடாது, எப்பயாவது ஒன்னு புத்துநோயா இருந்துடும். அப்புறம் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்கு கொறையாம, கலர் கலந்த வகையா இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா அதுல இருக்கற அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தையும் தடுக்கும், நம்ம நிறத்துக்கு அந்த வெளிச்சமும் கருக்க வைக்கும். ஆஸ்திரேலியால நாம்பூர்ங்கற ஊர்ல 900 பேருக்கு மேல நாலரை வருஷம் பாத்து 2013ல எழுதினாங்க, தினமும் போட்டவங்களுக்கு தோல் மூப்பு 24% கம்மி. அவங்க எல்லாம் 55க்குக் கீழ, ஆனாலும் 68ல போட்டா வீண்னு ஆயிடாது. ராத்திரிக்கு ட்ரெட்டினோயின்ங்கற விட்டமின் ஏ வகை க்ரீம் 0.025%, பட்டாணி அளவு, வாரத்துக்கு ரெண்டு ராத்திரில ஆரம்பிங்க, உரியும், செவக்கும், விடாம மாய்ஸ்சரைசர் போட்டுக்கிட்டு போனா ஆறு மாசத்துல வித்தியாசம் தெரியும். மாதவிடாய் நின்ன மொத அஞ்சு வருஷத்துல தோல்ல இருக்கற கொலாஜன் சுமார் 30% போயிடுது, அத கொஞ்சமாவது மீட்கறதுன்னு நிரூபணமான பூச்சு இது ஒன்னு தான்னு என் அபிப்பிராயம். மத்த சீரம் எல்லாம் பாட்டில் அழகு.

சும்மா_எட்டிப்பாத்தேன்:

ஏன் இவ்ளோ தூரம்? முகத்துக்கு எக்சர்சைஸ் பண்ணுங்கம்மா, காசும் மிச்சம், பயமும் இல்ல. யூட்யூப்ல கொட்டிக் கெடக்கு.

ஸ்கின்_ஓபி:

அதுக்கும் ஒரு ஆராய்ச்சி 2018ல வந்துச்சு, 20 வாரம், கடைசி வரைக்கும் பண்ணது 16 பெண்கள். கன்னம் கொஞ்சம் ரொம்பின மாதிரி தெரிஞ்சுது, தாடையும் கழுத்தும் பெரிசா மாறல. பண்ணட்டும், கெடுதல் இல்ல, ஆனா இமை தொங்கறதுக்கு அது வழி இல்ல.

காதோரத்தையல்:

அக்கா, நான் 63 வயசுல ஃபேஸ்லிஃப்ட் பண்ணிக்கிட்டவ, அதனால யாரும் சொல்லாத பகுதிய நான் சொல்றேன். நீங்க சொன்ன அதே வாயோரம், அதே தாடை. அதுக்கு முன்னாடி சில வருஷம் ஊசி ஊசியா போட்டு முகம் உப்பினது தான் மிச்சம்.

ஃபேஸ்லிஃப்ட்னா தோல இழுத்து தைக்கறதுன்னு தான் எல்லாரும் நெனைக்கறாங்க, அப்படி தோல மட்டும் இழுத்தா தான் காத்துல அடிச்ச மாதிரி முகம் ஆகறது. இப்ப தோலுக்கு அடியில எஸ்எம்ஏஎஸ்னு ஒரு படலம் இருக்கு, 1976லயே அதப் பத்தி எழுதிட்டாங்களாம், அதத் தான் தூக்கிக் கட்டறாங்க, தோல் சும்மா அது மேல படுத்துக்கும். காதுக்கு முன்னாடி, காதச் சுத்திப் பின்னாடி, முடிக்குள்ள வெட்டு. மொத ராத்திரி தலைய உயர்த்தி வெச்சுப் படுக்கணும், உள்ள ரத்தம் கட்டுதான்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க, அது தான் இதுல அதிகமா வர்ற சிக்கல், பிபி ஏறினா இன்னும் மோசம், அதனால உங்க பிபி மொதல்ல சரியா இருக்கணும். ரெண்டு வாரம் கண்ணாடிப் பக்கமே போகாதீங்க, நீலமும் பச்சையும் மஞ்சளுமா முகம் இருக்கும், எதுக்குடா பண்ணோம்னு அழுகை வரும், எல்லாருக்கும் வரும்னு நர்ஸ் சொன்னாங்க. காது மடல்ல உணர்ச்சியே ரொம்ப நாள் இல்ல, தோடு கழண்டு விழுந்தது கூடத் தெரியாம அதத் தேடி வீட்டையே பெருக்கினேன். இப்பவும் எடது காது கொஞ்சம் மரத்தாப்ல தான் இருக்கு. முகத்த அசைக்கற நரம்புல அடிபட்டா வாய் கோணிக்கும்னும் சொல்லிக் கையெழுத்து வாங்கினாங்க, பெரும்பாலும் தானா சரியாயிடுமாம், எனக்கு அது வரல.

ஆனா பலன்? "எளச்சுட்டியா"ன்னு கேக்கறாங்க, யாரும் கண்டுபிடிக்கல. பத்து வருஷம் வரைக்கும் நிக்கும்னு சர்ஜன் சொன்னார். சிகரெட் பழக்கம் இருந்தா மட்டும் கிட்டவே சேக்க மாட்டாங்க, தோலுக்கு ரத்தம் போகாம கருகிடும். இன்னொன்னு, எடை கொறைக்கற எண்ணம் இருந்தா அத மொதல்ல முடிச்சுடுங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் பத்து கிலோ போனா மறுபடி தொங்கும். தோல்ல இருக்கற கருப்பும் கோடும் இதுல போகாது, எனக்கும் போகல.

கடவாய்ப்பல்:

நான் பல் டாக்டர், நடுவுல நுழையறேன். அம்மா, உங்களுக்கு பல்லு எல்லாம் இருக்கா? செட்டா? எத்தன வருஷத்து செட்டு? இத யாருமே கேக்கல. கடவாய்ப் பல்லு போய், இல்ல பழைய செட்டு தேஞ்சு போயிருந்தா கடிக்கும்போது கீழ்த்தாடை வழக்கத்த விட மேல ஏறிடும், மூக்குக்கும் முகவாய்க்கும் நடுவுல தூரம் கொறையும், உதடு உள்ள மடங்கும், வாயோரம் கீழ இழுக்கும். அந்த மடிப்புல எச்சி தேங்கி புண்ணு கூட வரும். அத ஃபில்லர் வெச்சு ரொப்பறாங்க, எனக்கு எரிச்சலா வரும். செட்டு சரியான உயரத்துல புதுசா கட்டினா அந்த மடிப்பு பாதி அன்னிக்கே கொறையறத நான் நாற்காலிலயே பாத்திருக்கேன்.

வாசல்திண்ணை:

டாக்டர், அப்படியே என் வாய்க்குள்ள எட்டிப் பாத்த மாதிரி எழுதியிருக்கீங்க. கீழ ரெண்டு பக்கமும் கடவாய்ப் பல்லு போய் பல வருஷமாச்சு, முன் பல்லுலயே மென்னுக்கிட்டு இருக்கேன். வாயோரம் புண்ணும் அப்பப்ப வரும், விட்டமின் குறைச்சல்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

படுத்துக்கிட்டு கண்ணாடி பாத்தேன், தாடை நெஜமாவே காணாம போச்சு. காதோரத் தங்கச்சி, உன் தோடு கதைய படிச்சு சிரிச்சேன், ஆனா அவ்ளோ பெரிய ஆபரேஷன் எனக்கு வேணுமான்னு தெரியல. இமை மட்டும் தனியா பண்ண முடியுமா? நூல் வைக்கறேன்னு சொன்ன எடத்துல ஆஸ்பிரின ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்கன்னாங்க, அது சரியா?

ஸ்கின்_ஓபி:

நிறுத்தாதீங்க. ஸ்டென்ட் இருக்கறவங்களுக்கு ஆஸ்பிரின நிறுத்தறதா வேண்டாமான்னு சொல்ல வேண்டியவர் இதய டாக்டர் மட்டும் தான், அழகு கிளினிக் இல்ல. கூடுதலா நீலநிறம் வரும்னா வரட்டும், ஸ்டென்ட் அடைச்சுக்கறதோட ஒப்பிட்டா அது ஒன்னுமே இல்ல. மருந்து பூசின ஸ்டென்ட் வெச்சு கொறஞ்சது ஆறு மாசம் ஆகாம அவசரமில்லாத எந்த ஆபரேஷனுக்கும் பொதுவா ஒத்துக்க மாட்டாங்க, சிலருக்கு ஒரு வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்வாங்க. உங்களுது எப்ப வெச்சதுன்னு நீங்க எழுதல. மீன் எண்ணெய் மாத்திரை, விட்டமின் ஈ போட்டுக்கிட்டிருந்தாலும் அவர்கிட்ட சொல்லுங்க.

இமை தனியா தாராளமா பண்ணலாம், என்னக் கேட்டா அதுல தான் ஆரம்பிக்கணும். மரத்துப் போற ஊசி போட்டே பண்ணுவாங்க, தழும்பு இமை மடிப்புக்குள்ள ஒளிஞ்சுக்கும், ஒரு வாரத்துக்குள்ள தையல் பிரிச்சுடுவாங்க. ஆனா மொதல்ல கண் டாக்டர். இமைத் தோல் தொங்குதா, இமைய தூக்கற தசையே தளந்திருக்கா, இல்ல புருவம் இறங்கி இமைய அழுத்துதான்னு அவர் பிரிச்சுச் சொல்வார், மூணுக்கும் ஆபரேஷன் வேற வேற. பக்கப் பார்வை எவ்ளோ மறைக்குதுன்னும் டெஸ்ட் பண்ணுவார். கண்ணு உலர்ந்து உறுத்தற தொந்தரவு இருந்தா அதையும் சொல்லிடுங்க, தோல அளவுக்கு மீறி எடுத்துட்டா கண்ணு முழுசா மூடாது.

அது நடக்கறதுக்குள்ள பல்லு வேலைய முடிச்சு, ட்ரெட்டினோயினும் சன்ஸ்கிரீனும் ஆறு மாசம் போட்டுட்டு, அப்புறமும் தாடை உறுத்துச்சுன்னா பிளாஸ்டிக் சர்ஜனப் பாருங்க. உறுத்தலைன்னா விட்டுடுங்க.

வாசல்திண்ணை:

ஸ்டென்ட் வெச்சு மூணு வருஷம் ஆச்சு. கண் டாக்டர்கிட்ட அடுத்த வாரம் நேரம் வாங்கிட்டேன். போகும்போது ஏதாவது எடுத்துட்டுப் போகணுமா?

காதோரத்தையல்:

நாப்பது வயசு போட்டோ இருந்தா எடுத்துட்டுப் போங்கக்கா, என்கிட்ட அத தான் மொதல்ல கேட்டாங்க, அப்ப இமை எங்க இருந்துச்சு, புருவம் எங்க இருந்துச்சுன்னு வெச்சு பாப்பாங்க. சிலருக்கு பொறவியிலயே புருவம் கீழ தான் இருக்கும். கல்யாண வீட்டு போட்டோ வேண்டாம், சிரிச்சுக்கிட்டு கண்ண இடுக்கிக்கிட்டு இருப்போம். பாஸ்போர்ட் போட்டோ போதும்.