பணம் கொடுத்து உதவுன நண்பன் போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறேன், எனக்கு என்னதான் ஆச்சு?

பாதிவழி கேட்டது:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

போன வருஷம் வேலை போச்சு, 7 மாசம் வீட்லதான். சேமிப்பு 2 மாசத்துல காலி, அப்புறம் கிரெடிட் கார்டு, அது பத்தாம பர்சனல் லோன், அந்த லோன் இஎம்ஐ கட்ட இன்னொரு கார்டுன்னு போயிட்டே இருந்துச்சு. காலேஜ்ல இருந்தே எங்களுக்கு 9 பேர் குரூப் ஒண்ணு இருக்கு, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் மொக்கை ஓடிட்டே இருக்கும். ஒரு நாள் டைப் பண்ணி, அழிச்சு, திரும்ப டைப் பண்ணி, "கொஞ்சம் டைட்டா இருக்குடா, யாராவது ஹெல்ப் பண்ண முடியுமா"ன்னு போட்டுட்டேன். 8 பேரும் பாத்துட்டாங்கன்னு காட்டுது. அரை மணி நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒருத்தன் ஏதோ மீம் போட்டான், எல்லாரும் அதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சாங்க, என் மெசேஜ் மேல போயிருச்சு. அவ்ளோதான்.

வந்தது யாருன்னா, பழைய ஆபீஸ்ல எனக்கு ரெண்டு சீட் தள்ளி உக்காந்திருந்தவன். அவன்கூட நான் ஒரு நாள் கூட மனசு விட்டுப் பேசினதில்ல. யார் சொல்லி தெரிஞ்சுதோ, நேரா வீட்டுக்கு வந்துட்டான். "பில்லு, நோட்டீஸ் எல்லாம் எங்க வச்சிருக்க"ன்னு கேட்டான். பிரிக்கவே பயந்து ஒரு டிராயர்ல திணிச்சு வச்சிருந்தேன். தரையில சம்மணம் போட்டு உக்காந்து ஒவ்வொரு கவரா கிழிச்சு, ஒரு பழைய நோட்டோட கடைசிப் பக்கத்துல யாருக்கு எவ்ளோ, என்ன வட்டி, எந்த தேதின்னு எழுதினான். முடிச்சதும் கார்டு கடனை மட்டும் சிவப்பு பேனாவால சுழிச்சு "இதுல மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு இருந்தா அசல் அசையவே அசையாதுடா, இதை முதல்ல அடை"ன்னான். மறுநாள் அந்தக் கார்டை அடைக்கிற அளவுக்கு காசும் அனுப்பினான். எப்போ தருவேன்னு ஒரு வார்த்தை கேக்கல.

இப்போ வேலை கிடைச்சு 3 மாசம் ஆச்சு. பிரச்சனை இதுதான்: அவன் போன் வந்தா கை போகவே மாட்டேங்குது. போனை கவுத்துப் போட்டுட்டு அடிச்சு ஓயற வரைக்கும் பாத்துட்டு உக்காந்திருக்கேன். அவன் பணத்தைப் பத்தி பேசவே மாட்டான்னு தெரியும், அப்படியும். ஆனா என்னை கண்டுக்காத அந்த 8 பேரோட மீமுக்கு இன்னிக்கும் சிரிக்கிற ஸ்மைலி போட்டுட்டுதான் இருக்கேன். இது என்ன மாதிரி வியாதி?

ஓரக்கண் சொன்னது:

சகோ, மத்ததெல்லாம் விடுங்க, அந்த மீம் போட்டவன் மட்டும் கையில கிடைச்சா சொல்லுங்க.

சீரியஸா சொல்லணும்னா, கஷ்ட காலத்தை வள்ளுவர் அளவுகோல்னே சொல்றார், 796ஆவது குறள், சொந்தபந்தத்தை நீட்டி அளக்குற கோல்னு. உங்களுக்கு அளந்து காட்டியாச்சு. குரூப்ல இருந்து வெளிய வாங்க.

கடைசி பெஞ்ச் சொன்னது:

குரூப்பை விட்டு உடனே வெளிய வரச் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. 8 பேர் இருக்கிற இடத்துல கேட்டா "வேற யாராவது பாத்துப்பான்"னு ஒவ்வொருத்தனும் நினைப்பான், அது மனுஷ சுபாவம். அதுல 2 பேர் உங்களை விட மோசமான நிலைமையில இருந்திருக்கலாம், அதை அங்க சொல்ல வெக்கப்பட்டிருக்கலாம். நீங்களே எவ்ளோ தடவை அழிச்சு அழிச்சு எழுதினீங்க? தனித்தனியா ஒருத்தனுக்காவது போன் பண்ணீங்களா?

என் கதை ஒண்ணு சொல்றேன். லோனுக்கு ஷூரிட்டி கையெழுத்து போடச் சொல்லி என் உயிர் நண்பன்கிட்ட போய் நின்னேன், முகத்துக்கு நேரா முடியாதுன்னுட்டான். "நீ கட்டலைன்னா என்கிட்டதான் வந்து கேப்பாங்க, என் பேர்ல கணக்கு கெட்டுப் போகும், அப்புறம் உன் மூஞ்சியைப் பாக்குறப்பெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்"னான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல, கதவை டமார்னு சாத்திட்டு வந்தேன். மறுநாள் காலையில அவன்தான் என் ரெஸ்யூமை கேட்டு வாங்கி, எழுத்துப் பிழையெல்லாம் திருத்தி, அவனுக்குத் தெரிஞ்ச 11 பேருக்கு அனுப்பினான். அதுல ஒண்ணுலதான் இப்போ வேலை பாக்குறேன். இன்னொருத்தன் யோசிக்காம கையெழுத்து போட்டான், இன்னிக்கு வரைக்கும் போற இடமெல்லாம் அதைச் சொல்லிக் காட்டிட்டு இருக்கான். இதுல யாரை நல்லவன்ங்கறது?

மறதிக்காரி சொன்னது:

நான் பணம் கொடுத்த பக்கத்துல இருந்து பேசுறேன். என் தோழி ஒருத்திக்கு கொடுத்தேன், திரும்ப வரும்னு நினைச்சும் கொடுக்கல, வராதுன்னு நினைச்சும் கொடுக்கல, அந்த நேரத்துல அவளுக்குத் தேவை, என்கிட்ட இருந்துச்சு, அவ்ளோதான். அதுக்கப்புறம் அவ என்னைப் பாத்தா ஒதுங்க ஆரம்பிச்சா. விசேஷத்துல பாத்தா கூட்டத்துக்குள்ள மறைஞ்சுக்குவா. நான் போன் பண்ணது எல்லாம் என் அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ, பேசறதுக்கு ஆள் வேணும்னு. அவ கடன் கேக்கத்தான் கூப்பிடறேன்னு நினைச்சு எடுக்கவே இல்ல. காசு போனது கூட வலிக்கல தம்பி, சத்தியமா.

அவன் எதுக்கு கூப்பிடறான்னு உங்களுக்குத் தெரியுமா? எடுத்தாதானே தெரியும்?

வரவு செலவு சொன்னது:

ப்ராக்டிகலா ஒண்ணு. நீங்க ஒளியறதுக்கு காரணம் கடன் இல்ல, தேதி இல்லாத கடன். வங்கிக்கு எவ்ளோ, எப்போன்னு தெரியும், அதனால நிம்மதியா இருக்கீங்க. இவனுக்கு எதுவுமே பேசல, அதான் தலைக்கு மேல தொங்குது. நீங்களே ஒரு தொகை சொல்லுங்க, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, மாசா மாசம் சம்பளம் வந்த அன்னிக்கே போற மாதிரி செட் பண்ணுங்க. எழுத்துல ரெண்டு வரி இருக்கட்டும். அவன் வேண்டாம்பான், நீங்க விடாதீங்க. "கையில மொத்தமா சேந்ததும் போய்ப் பாக்குறேன்"னு மட்டும் நினைக்காதீங்க, அப்படி நினைச்சு நானே ஒரு நல்ல மனுஷனை 4 வருஷம் பாக்காம இருந்துட்டேன்.

பாதிவழி மறுபடியும்:

எல்லாருக்கும் நன்றி. கடைசி பெஞ்ச் கேட்டது சுருக்குன்னு இருந்துச்சு, இல்ல, தனியா ஒருத்தனுக்கும் நான் போன் பண்ணல. ஓரக்கண் சொன்ன கோல் அவங்களை அளந்த மாதிரியே என்னையும் அளந்திருக்கு போல.

மறதிக்காரி அக்கா எழுதினதைப் படிச்சதும் உக்கார முடியல, நேத்து ராத்திரி நானே கூப்பிட்டேன். முதல் ரிங்லயே எடுத்துட்டான். மனப்பாடம் பண்ணி வச்சிருந்த மன்னிப்பை ஆரம்பிக்கறதுக்குள்ள "டேய், உயிரோடதான் இருக்கியா"ன்னான். அவனுக்கு பொண்ணு பொறந்து 40 நாள் ஆச்சாம். அதைச் சொல்லத்தான் 6 தடவை கூப்பிட்டிருக்கான். மாசத் தொகையைப் பத்தி இழுத்தேன், "சரி சரி அனுப்பு, இப்போ கொஞ்சம் மெதுவா பேசு, இப்பதான் தூங்குனா"ன்னான். அப்புறம் ரெண்டு பேரும் குசுகுசுன்னே ஒரு மணி நேரம் பேசிட்டு இருந்தோம். ஞாயித்துக்கிழமை போறேன்.