கேம் மாற்றிய கார்புரேட்டர் இன்ஜினுக்கு டைமிங் எவ்வளவு வைப்பது?

கேள்வி:
வணக்கம். நான்கு சிலிண்டர் பழைய கார்புரேட்டர் இன்ஜின். கேம் ஷாஃப்ட்டைப் பெரியதாக மாற்றி, ஹெட்டை இழைத்து கம்ப்ரஷனையும் கூட்டியாச்சு. பாயின்ட் (ஸ்பார்க்குக்கான கரன்ட்டைத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) மட்டும் பழையது. டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் விழணும் என்ற அளவை, புத்தகத்தில் உள்ள 8 டிகிரியில் வைத்தால் ஐடிலிங் ஆடுகிறது, பிக்கப் மந்தம். 14 வைத்தால் ஐடிலிங் அருமை, ஆனால் மேட்டில் டாப் கியரில் மிதித்தால் கலகலவென்று தட்டுகிறது. 11 வைத்தால் இரண்டு தொந்தரவும் பாதிப் பாதி. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றணுமா, டைமிங்கிலேயே சரியாகுமா?

பதில்:
ஜெட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள் நண்பரே. பெரிய கேமில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம், அதனால் ஐடிலிங்கில் எரிந்த புகை புது மிக்ஸருடன் (காற்று-பெட்ரோல் கலவை) கலந்து மெதுவாக எரியும், ஸ்பார்க் முன்னதாகவே வேண்டும். 14 கேட்பது நியாயம்தான். தட்டல் வருவது மொத்த அட்வான்ஸால், அதாவது ஐடிலிங் டைமிங்கோடு, வேகம் ஏற ஏற டிஸ்ட்ரிபியூட்டர் கூட்டும் டிகிரியும் சேர்ந்த அளவால். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்கம் ஹோஸை (இன்ஜின் உறிஞ்சலால் டைமிங்கைக் கூட்டும் குழாய்) கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டைப் பிடித்து, அளவு மேலே ஏறாமல் நிற்கும் வரை ஆர்பிஎம்மை ஏற்றிப் பாருங்கள். அந்த எண்தான் முக்கியம்.

பதில்:
அதற்கு முன்னால் புல்லியில் உள்ள குறியை நம்பலாமா என்று பாருங்கள். ரப்பர் வைத்த புல்லியில் வெளி வளையம் நகர்ந்துவிடும். பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டன் முட்டி நிற்கும் தடுப்பு) போட்டு, கையால் இரண்டு பக்கமும் மெதுவாகச் சுற்றி முட்டும் இடங்களைக் குறித்தால், நடுப்புள்ளிதான் பிஸ்டனின் உண்மையான உச்சி. பாயின்ட் கேப்பையும் முதலில் சரி செய்யுங்கள், கேப் கூடினால் டைமிங்கும் முன்னால் போகும்.

கேள்வி கேட்டவர்:
குறி சரியாக இருக்கிறது. கேப் வைத்து, ஹோஸை அடைத்துப் பார்த்தேன். ஐடிலிங்கில் 14, 3500 ஆர்பிஎம்மில் 42.

பதில்:
அப்போ வேகத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் கூட்டும் மெக்கானிக்கல் அட்வான்ஸ் மட்டும் 28. கம்ப்ரஷன் கூடிய இன்ஜினுக்கு 42 ரொம்ப அதிகம், இந்த நிலையில் மேட்டில் மிதிக்கவே வேண்டாம், பிஸ்டன் போய்விடும். மொத்தம் 32, 34க்குள் கொண்டுவாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அட்வான்ஸ் நகரும் தூரத்தைக் குறைக்கணும், ஸ்டாப் பின்னுக்கு புஷ் போடலாம் அல்லது அது ஓடும் பள்ளத்தின் முனையை வெல்டு வைத்து ஃபைல் போடலாம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றுதான் சுற்றும், ஆகவே கிராங்க்கில் 20 வேண்டுமென்றால் உள்ளே 10 டிகிரி விட்டால் போதும், இதை மாற்றிக் கணக்கிட்டால் எல்லாமே கெட்டுவிடும். கெட்டி ஸ்பிரிங் மட்டும் போடுவது தீர்வில்லை. அது அட்வான்ஸைத் தாமதப்படுத்தும், கடைசி அளவு அப்படியேதான் இருக்கும்.

அப்புறம், டைமிங் முன்னால் போனால் ஐடிலிங் ஏறும். த்ராட்டில் ஸ்க்ரூவைக் குறைத்த பிறகே மிக்ஸர் ஸ்க்ரூவைத் தொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
லேத்தில் புஷ் போட்டாச்சு. இப்போது 14, மொத்தம் 33. மேட்டில் தட்டல் சுத்தமாக இல்லை, பிக்கப் பிரமாதம். ஆனால் ஹோஸை மாட்டிச் சமதளத்தில் லேசாக மிதித்து ஒரே வேகத்தில் போகும்போது மெல்லிய தட்டல். ஹோஸைக் கழற்றினால் இல்லை.

பதில்:
அது வேக்கம் கேப்ஸ்யூல் (ஹோஸ் மாட்டும் டப்பா) டைமிங்கை அதிகமாக முன்னால் இழுப்பது. இழுக்கும் கம்பிக்கு ஒரு தடுப்பு வைத்து, கிராங்க் அளவில் 10 டிகிரிக்கு மேல் போகாமல் பாருங்கள். ஹோஸ் மேனிஃபோல்டில் இருந்தால் த்ராட்டில் தட்டுக்கு மேலுள்ள துளைக்கு மாற்றுங்கள், பெரிய கேமில் ஐடிலிங் வேக்கம் ஆடும், டைமிங்கும் கூடவே ஆடும். ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுப் பொடி மாதிரி புள்ளிகள் தெரிந்தால் தட்டல் இன்னும் போகவில்லை, மொத்தத்தில் 2 டிகிரி குறையுங்கள்.